காலையில் மட்டும் அணைய மறுத்த ஆயில் விளக்கு: ஒரு ஆஃப்டர்மார்க்கெட் ஃபில்டரை அறுத்துப் பார்த்த நிகழ்வு ஆய்வு

வண்டி 600 சிசி, நான்கு சிலிண்டர். இரவு முழுக்க நின்றபின் காலையில் ஸ்டார்ட் செய்தால் ஆயில் பிரஷர் விளக்கு அணைய வழக்கத்தைவிட நேரம் எடுக்கிறது, அந்தச் சில விநாடிகளில் ஹெட் (கேமும் வால்வுகளும் இருக்கும் இன்ஜினின் மேல்பகுதி) பக்கமிருந்து வறட்டுத்தனமான ஒரு உலோகச் சத்தம், விளக்கு அணைந்ததும் சத்தமும் நின்றுவிடுகிறது. அப்புறம் நாள் முழுக்க எந்தத் தொந்தரவும் இல்லை. ஓட்டி வந்து நிறுத்தி ஒரு மணி நேரம் கழித்து எடுத்தால்கூட விளக்கு உடனே அணைகிறது.

வண்டி நண்பருடையது. கடைசி ஆயில் மாற்றம் முடிந்து கொஞ்ச நாள் கழித்துத்தான் இது ஆரம்பித்திருக்கிறது. ஆயில் எப்போதும் ஊற்றுகிற அதே 10டபிள்யூ-40, அதே ஜேஏஎஸ்ஓ எம்ஏ2 (ஈரக் கிளட்ச் பைக்குகளுக்கான தர வகை). மாறியது ஒன்றுதான்: வழக்கமாகப் போடும் கம்பெனி ஃபில்டருக்கு (வண்டித் தயாரிப்பாளரே தருவது) பதிலாக, அட்டைப்பெட்டியில் மைக்ரான் எண்ணை (எவ்வளவு நுண்ணிய துகளைப் பிடிக்கும் என்பதன் அளவு) பெரிய எழுத்தில் போட்டிருந்த ஒரு வெளி ஃபில்டர். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. ஒரே ஒரு ஃபில்டரை அறுத்துவிட்டு ஒரு கம்பெனியையே எடை போடுவது நியாயமில்லை, தவிர இங்கே பெயர் முக்கியமும் இல்லை.

முதலில் கழித்துவிட்டவை

ஃபில்டர் மாறிய பிறகு வந்த கோளாறு என்பதாலேயே ஃபில்டர்மேல் பழி போட்டுவிட முடியாது. ஆயில் விளக்கு தாமதமாக அணைய வேறு காரணங்கள் நிறைய உண்டு: ஆயில் அளவு குறைவு, பிரஷர் ஸ்விட்ச் மந்தம், பம்ப் தேய்மானம், சம்ப்புக்குள் (இன்ஜினின் அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டி) இருக்கும் சல்லடை அடைப்பு, பிரஷர் எல்லை மீறாமல் காக்கும் ரிலீஃப் வால்வு திறந்தபடி சிக்கிக்கொள்வது. இவற்றில் சிலது இன்ஜினையே காலி செய்யும் ரகம், அதனால் ஃபில்டரைத் தொடுவதற்கு முன் இவற்றைத் தீர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

வண்டியை நேராக நிறுத்தி அளவு பார்த்தோம், சரியாக இருந்தது. பிரஷர் ஸ்விட்சைக் கழற்றி அந்த இடத்தில் முள் மீட்டர் மாட்டினோம். சர்வீஸ் கையேட்டில் எந்த எண்ணெய் வெப்பநிலையில் எத்தனை ஆர்பிஎம்முக்கு எவ்வளவு பிரஷர் வர வேண்டும் என்று போட்டிருக்கும். இன்ஜினைச் சூடாக்கி அந்த ஆர்பிஎம்மில் வைத்துப் பார்த்ததில் அளவு வரம்புக்குள்ளேயே இருந்தது. ஆக பம்ப் நன்றாக இருக்கிறது, பேரிங் இடைவெளி பெருகவில்லை, ரிலீஃப் வால்வும் ஒழுங்காக மூடுகிறது. மறுநாள் காலையில் அதே மீட்டரை வைத்தே ஸ்டார்ட் செய்தபோது முள் உடனே எழவில்லை, சற்று அப்படியே கிடந்துவிட்டு அப்புறம் ஒரே தாவாகத் தாவியது. ஸ்விட்ச் பொய் சொல்லவில்லை என்பது அதில் உறுதியானது. பம்ப் முதலில் எதையோ நிரப்புகிறது, நிரம்பிய பிறகுதான் கேலரிக்கு (உறுப்புகளுக்கு எண்ணெய் கொண்டுபோகும் வழிகள்) எண்ணெய் போகிறது.

அந்த "எதையோ" என்ன என்பதற்கு ஒரு சுலபமான சோதனை உண்டு, பலர் செய்வதில்லை. இரவு நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யாமலே ஃபில்டரைக் கழற்ற வேண்டும். இந்த வண்டியில் ஃபில்டர் இன்ஜினின் முன்பக்கம், சைலன்சர் குழாய்களுக்குப் பின்னால் படுத்த நிலையில் இருக்கிறது, சம்ப்பில் எண்ணெய் நிற்கும் மட்டத்துக்கு மேலே. நல்ல ஃபில்டர் என்றால் திருகித் தளர்த்தும்போதே கையெல்லாம் எண்ணெய் வழியும். இதில் கொஞ்சம்தான் சொட்டியது, டப்பாவைத் தூக்கினால் கனமே இல்லை. இரவோடு இரவாக அது காலியாகியிருந்தது.

கம்பெனி ஃபில்டர் ஒன்றை மாட்டிச் சில நாள் விட்டோம். காலைச் சத்தம் காணாமல் போனது. பலர் இதோடு நிறுத்திவிடுவார்கள், நாங்கள் பழைய வெளி ஃபில்டரையே மறுபடி மாட்டினோம், சத்தம் திரும்பி வந்தது. இதைச் செய்யாவிட்டால் மாற்றியபோது தற்செயலாகச் சரியானதா, உண்மையிலேயே ஃபில்டர்தானா என்ற கேள்வி தொங்கிக்கொண்டே இருந்திருக்கும்.

அறுத்துப் பார்த்தபோது

ஃபில்டரை அறுக்க ஹேக்ஸா எடுக்காதீர்கள், இரும்புத் தூள் உள்ளே விழுந்து எது இன்ஜின் தூள், எது ரம்பத் தூள் என்று தெரியாமல் போய்விடும். குழாய் வெட்டும் கருவி போல உருளைக் கத்தி வைத்துச் சுற்றி வெட்டும் ஃபில்டர் கட்டர்தான் சரி. வெளி ஃபில்டர், கம்பெனி ஃபில்டர் இரண்டையும் அப்படி வெட்டிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம்.

நான் எதிர்பார்த்தது வெளி ஃபில்டரில் காகிதம் குறைவாக, பசை வழிந்து, மடிப்புகள் கோணல்மாணலாக இருக்கும் என்று. அப்படி இல்லை. மடிப்புகள் கம்பெனி ஃபில்டரைவிடக் கூடுதலாகவே இருந்தன, இரண்டு முனையிலும் தகட்டு மூடி, பசை சீராகப் பிடித்திருந்தது. காகிதத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்பு சொல்வதென்றால் இதுதான் ஜெயித்திருக்கும். கோளாறு அதற்குக் கீழே இருந்தது. அடித்தட்டின் சுற்றுத் துளைகளை மூடி உட்காரும் ரப்பர் மடல், அதாவது நின்ற பிறகு எண்ணெய் பம்ப் வழியாகச் சம்ப்புக்குத் திரும்பி வடியாமல் தடுக்க வேண்டிய வால்வு, விறைத்துப் போயிருந்தது. விரலால் அழுத்தினால் வளைந்தது, ஆனால் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ஒரு பக்கம் விளிம்பு தட்டைத் தொடவே இல்லை. கம்பெனி ஃபில்டரின் மடல் அதே சூட்டில் இருந்தும் தளதளவென்று படிந்திருந்தது.

பெட்டியில் புதிதாக இருந்த அதே வகை வெளி ஃபில்டர் ஒன்றையும் அறுத்தோம், அதில் மடல் மிருதுவாகத்தான் இருந்தது. ஆக வார்ப்பிலேயே குறை இல்லை, அந்த ரப்பர் இந்த இன்ஜினின் சூட்டைத் தாங்கவில்லை என்பதுதான் என் முடிவு. மடல்களில் பெரும்பாலும் இரண்டு வகை: நைட்ரைல், சிலிக்கோன். நைட்ரைல் சுமார் 100 முதல் 120 டிகிரி வரை நீண்ட நாள் தாங்கும், அதற்கு மேல் போகப்போக விறைக்கும். சிலிக்கோன் 200 டிகிரி வாக்கில்கூட நெகிழ்வை விடாது, ஆனால் கிழிவதற்கு எதிரான பலம் அதற்குக் குறைவு. நல்ல கலவையில் செய்த நைட்ரைல் ஒரு ஆயில் மாற்ற இடைவெளியைத் தாராளமாகத் தாண்டும், எத்தனையோ கம்பெனி ஃபில்டர்களில் இருப்பதும் அதுதான். மட்டமான கலவையும் சூடான இடமும் சேர்ந்தால் கதை இப்படிப் போகும். (நிறத்தைப் பார்த்துச் சிலிக்கோன் என்று நம்பிவிடாதீர்கள், நைட்ரைலுக்கும் ஆரஞ்சு நிறம் போடலாம்.)

அப்போ எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது

பெரும்பாலானவர்கள் மைக்ரானைப் பார்த்து வாங்குகிறார்கள். நான் அதைக் கடைசியில் வைக்கிறேன். முதலில் மரை, அப்புறம் கேஸ்கெட், அப்புறம் இரண்டு வால்வுகள் (மேலே பார்த்த மடல், பைபாஸ்), இவையெல்லாம் சரியாக இருந்தால்தான் மைக்ரானைப் பற்றிப் பேசவே அர்த்தம் இருக்கிறது.

மரை விஷயத்தில் ஒரு ஆபத்தான பொறி இருக்கிறது. ஜப்பானிய வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு எம்20 × 1.5 மரை (விட்டம் 20 மில்லிமீட்டர், மரைக்கு மரை 1.5 மில்லிமீட்டர்). ஹார்லியிலும் பல கார்களிலும் முக்கால் அங்குலம், அங்குலத்துக்கு 16 மரை. முக்கால் அங்குலம் என்றால் 19.05 மில்லிமீட்டர். ஆக முக்கால் அங்குல ஃபில்டரை எம்20 தண்டில் மாட்ட முயன்றால் ஏறாது, அதனால் பிரச்சினையும் இல்லை, கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம். எதிர்ப்பக்கம்தான் பயம்: எம்20 ஃபில்டர் முக்கால் அங்குலத் தண்டில் சுலபமாகச் சுற்றி ஏறிவிடும். மரை நுனிகள் மட்டும் லேசாகப் பிடித்திருக்கும், கையால் இறுக்கினால் இறுகிய மாதிரியே தோன்றும், குளிர்ந்த இன்ஜினில் கெட்டியான எண்ணெய் முழு பிரஷரில் தள்ளும்போது கழன்று வரும். அந்த எண்ணெய் எங்கே போகும்? பின்சக்கரத்துக்கு. அதனால் "நன்றாக ஏறியது, கொஞ்சம் லூசாக இருந்தது" என்று யாராவது சொன்னால் அந்த வண்டியை ஓட்ட விடாதீர்கள்.

அடுத்தது கேஸ்கெட்டின் விட்டம். இன்ஜின் பக்கம் இருக்கும் வட்டமான தளத்தில் ரப்பர் வளையம் முழுதாக உட்கார வேண்டும். பழைய ஃபில்டரையும் புதியதையும் வாய்க்கு வாய் வைத்துப் பார்த்தால் போதும். கூடவே டப்பாவின் அகலம், உயரம். முன்பக்கம் மாட்டும் வண்டிகளில் கொஞ்சம் பெரிய டப்பா சைலன்சர் குழாயை உரசும், அல்லது மட்கார்டு மேலே வரும்போது இடிக்கும்.

இப்போது பைபாஸ் வால்வு. இதையும் ரிலீஃப் வால்வையும் பலர் ஒன்றாகவே நினைக்கிறார்கள். ரிலீஃப் வால்வு பம்ப் பக்கம் இருப்பது, மொத்த பிரஷர் எல்லை மீறினால் எண்ணெயைச் சம்ப்புக்குத் திருப்பி விடும். பைபாஸ் வால்வு பார்ப்பது மொத்த பிரஷரை அல்ல, காகிதத்துக்கு முன்னும் பின்னும் உள்ள வித்தியாசத்தை. குளிரில் எண்ணெய் கெட்டியாக இருந்தாலோ காகிதம் அடைத்திருந்தாலோ அந்த வித்தியாசம் கூடும், அப்போது வால்வு திறந்து வடிகட்டாத எண்ணெயை நேராக உள்ளே விடும். அழுக்கு எண்ணெய் போவது நல்லதில்லைதான், ஆனால் எண்ணெயே போகாமல் இருப்பதைவிட ஆயிரம் மடங்கு மேல். சில இன்ஜின்களில் இந்த வால்வு ஃபில்டருக்குள் இருக்கும், சிலவற்றில் இன்ஜின் பிளாக்கிலேயே இருக்கும். இரண்டாவது வகைக்கான ஃபில்டரில் வால்வு இல்லாமலும் இருக்கலாம். அதை எடுத்து முதல் வகை இன்ஜினில் மாட்டினால் மரை, கேஸ்கெட், உயரம் எல்லாம் சரியாகத்தான் இருக்கும், காகிதம் அடைத்த நாளில் எண்ணெய்க்கு வழி இருக்காது.

கார் ஃபில்டரைப் பைக்கில் மாட்டுவது பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். எம்20 × 1.5 மரை உள்ள கார் ஃபில்டர்கள் நிறைய இருக்கின்றன, டப்பா பெரிது, காகிதம் கூடுதல், விலையும் குறைவு என்கிறார்கள். மாட்டி வருஷக்கணக்கில் ஓட்டுகிறவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கார் இன்ஜின் பெரும்பாலான நேரம் 2000, 3000 ஆர்பிஎம்மில் ஓடுகிறது, இந்த மாதிரி பைக் இன்ஜின் 10,000-க்கு மேலும் சுற்றும், பம்ப்பும் கிராங்கோடு சேர்ந்துதான் சுற்றுகிறது. சின்னக் காகிதத்தின் வழியாகப் போகிற எண்ணெய் அதிகம். கார் ஃபில்டரின் பைபாஸ் அந்தக் காரின் பம்ப்புக்கு ஏற்ற அழுத்தத்தில் திறப்பது. அது பைக்குக்குத் தேவையானதைவிடக் குறைவாக இருந்தால் ஆர்பிஎம் ஏறும்போதெல்லாம் திறந்துகொள்ளும், நீங்கள் வாங்கிய கூடுதல் காகிதம் சும்மா வேடிக்கை பார்க்கும். அட்டையில் திறப்பழுத்தம் போட்டு, அது உங்கள் கம்பெனி அளவோடு ஒத்துப்போனால் பேசலாம். போடாத ஃபில்டரை நான் மாட்டமாட்டேன்.

கடைசியாக மைக்ரான். "10 மைக்ரான்" என்று மட்டும் போட்டிருந்தால் அதற்கு அர்த்தமே கிடையாது. 10 மைக்ரான் துகளில் பாதியைப் பிடித்தாலும் அப்படிச் சொல்லிக்கொள்ளலாம், 99 சதவீதம் பிடித்தாலும் சொல்லலாம். பீட்டா விகிதம் என்று ஒன்று உண்டு, ஃபில்டருக்கு முன்னால் எண்ணிய துகள்களைப் பின்னால் எண்ணியதால் வகுப்பது: பீட்டா 2 என்றால் 50 சதவீதம், 20 என்றால் 95, 75 என்றால் 98.7. எந்த அளவுத் துகளில் எத்தனை சதவீதம், எந்தச் சோதனையில், இந்த மூன்றும் இருந்தால்தான் எண்ணுக்கு மதிப்பு. ஆயில் ஃபில்டர்களுக்கு அந்தச் சோதனை ஐஎஸ்ஓ 4548-12. நுண்ணிய வடிகட்டல் வீண் என்று சொல்லவரவில்லை. 1988-ல் வந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வு ஒன்றில் 40 மைக்ரான் ஃபில்டரோடு ஒப்பிட்டபோது 30 மைக்ரான் ஃபில்டர் தேய்மானத்தை 50 சதவீதமும், 15 மைக்ரான் 70 சதவீதமும் குறைத்தது. அதுவும் பைக்கில் கியர், ஈரக் கிளட்ச், இன்ஜின் எல்லாம் ஒரே எண்ணெயில் குளிக்கின்றன, கிளட்ச் தூளும் கியர் துகளும் அதே காகிதத்துக்குத்தான் வருகின்றன. ஆனால் இந்த நண்பரின் வண்டியில் நடந்ததைப் பாருங்கள். காகிதம் எவ்வளவு நுண்ணியதாக இருந்து என்ன, தினமும் காலையில் கேம் சில விநாடி எண்ணெயில்லாமல் சுற்றியது.

கம்பிவலை வைத்த, கழுவித் திரும்பப் போடும் ஸ்டீல் ஃபில்டர்கள் பொதுவாக 35 மைக்ரான் சுற்றில் சொல்லப்படுகின்றன. எண்ணெய் தாராளமாகப் போகும், அடிக்கடி திறந்து துகள் பார்க்கும் பந்தய ஆட்களுக்கு அது வசதி. தினசரி ஓட்டுக்கு நான் காகிதத்தையோ காகிதமும் கண்ணாடி இழையும் கலந்ததையோதான் சொல்வேன். தலையில் 17 மில்லிமீட்டர் நட் பற்றவைத்த ஃபில்டர்கள் கழற்றச் சௌகரியம், பந்தயத்தில் பாதுகாப்புக் கம்பி கட்டவும் உதவும். அந்த நட் கழற்ற மட்டும்தான். அதைப் பிடித்து இறுக்கினால் மெல்லிய தகட்டில் பற்றவைத்த இடம் அழுத்தம் வாங்கி விரிசல் விடலாம். டப்பாவைச் சுற்றி ஒட்டும் காந்தங்கள், பரவாயில்லை, கெடுதல் இல்லை.

100, 125 சிசி வண்டிகள் பலவற்றில் காகித ஃபில்டரே கிடையாது, சல்லடையும் கிராங்க் முனையில் சுழன்று அழுக்கை ஒதுக்கும் கிண்ணமும்தான், அவர்களுக்கு இந்தக் குழப்பமே வேண்டாம். மூடியைத் திறந்து உள்ளே போடும் கார்ட்ரிட்ஜ் வகை இருப்பவர்கள் மரையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை, ஆனால் பக்கம் மாறக்கூடாது. ஒரு முனையில் துளை, மறுமுனை மூடியிருக்கும் வகைகளில் திருப்பிப் போட்டால் எண்ணெய் வழியே அடைபட்டு இன்ஜின் போய்விடும். ஹோண்டா அப்படிப்பட்ட தன் ஃபில்டர்களில் வெளிப்பக்கம் எது என்று அச்சடித்தே தருகிறது. வெளி ஃபில்டரில் அந்த எழுத்து இல்லாவிட்டால் பழையதைக் கழற்றும்போதே எப்படி இருந்தது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வண்டிக்கு என்ன மாட்டினோம்

கம்பெனி ஃபில்டரையே தொடர்வது ஒரு வழி, அதில் தவறே இல்லை. நண்பருக்கு அது எப்போதும் கிடைப்பதில்லை என்பதால் வெளியிலும் ஒன்று தேர்ந்தெடுத்து வைத்துக்கொள்ள விரும்பினார். இந்த அளவில் பட்டியல் எண் 204 பிரபலமானது. ஹைஃப்ளோ, கே அண்ட் என் என்ற வெளி ஃபில்டர் கம்பெனிகள் இரண்டிலும் அதே எண்தான், ஹோண்டா, யமஹா, கவாசாகி வண்டிகள் பலவற்றுக்குப் பொருந்தும். சுசூகிக்கு 138 வரும். பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், கடையில் கைமாறிக் கொடுக்கவும் வாய்ப்புண்டு, அதனால் பெட்டியை மட்டும் பார்க்காமல் டப்பாமேல் அச்சடித்த எண்ணையும் பாருங்கள். நாங்கள் எடுத்தது சிலிக்கோன் மடல் என்று தயாரிப்பாளரே எழுத்தில் சொல்லும் ஒன்று, பைபாஸ் திறப்பழுத்தமும் பட்டியலில் இருந்தது. கையில் வாங்கியதும் பார்த்தது: துளைகளின் ஓரத்தில் தகட்டுப் பிசிர் இல்லை, மரை முழு ஆழத்துக்கு வெட்டியிருக்கிறது, சின்ன ஸ்க்ரூடிரைவரின் மழுங்கிய முனையால் துளை வழியாக மடலை அழுத்தினால் அமுங்கி உடனே திரும்புகிறது. இந்த அழுத்திப் பார்க்கும் வேலை அரை நிமிஷம்கூட ஆகாது. போலி ஃபில்டர்கள் அதிகம் மாட்டிக்கொள்வதும் இதில்தான், அச்சும் பெட்டியும் அச்சு அசலாக இருந்தாலும் உள்ளே ரப்பருக்குச் செலவழிக்க அவர்களுக்கு மனம் வராது.

மாட்டுவதற்கு முன் பழைய கேஸ்கெட் இன்ஜினில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும், இரண்டு கேஸ்கெட் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தால் கொஞ்ச தூரத்திலேயே பீறிட்டு அடிக்கும். புதிய கேஸ்கெட்டில் கொஞ்சம் எண்ணெய் தடவி, கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்கினால் போதும்: ஹோண்டா பெரும்பாலும் 26 நியூட்டன் மீட்டர் என்கிறது, யமஹா 17, கவாசாகியும் பல மாடல்களில் ஏறக்குறைய அதே, சுசூகி கேஸ்கெட் தொட்டபின் இரண்டு சுற்று என்கிறது. ஃபில்டர் பெட்டியில் முக்கால் சுற்று என்று எழுதியிருந்தாலும் வண்டியின் கையேட்டையே பின்பற்றுங்கள்.

புதிய ஃபில்டரோடு காலைச் சத்தம் வரவில்லை, மீட்டர் முள்ளும் உடனே எழுகிறது. அடுத்த ஆயில் மாற்றத்தில் அதையும் அறுத்தோம்: மடல் மிருதுவாக இருந்தது, மடிப்புகளில் கிளட்ச் தூள் படிந்திருந்தது, காந்தத்தில் ஒட்டுகிற துகள் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. சில விநாடி வறட்சி அந்தக் கேமில் ஏதாவது தடம் விட்டிருக்கிறதா என்று வால்வு இடைவெளி பார்க்கும்போது மூடியைத் திறந்து பார்த்தோம், நகத்தில் தட்டுப்படும் கீறல் இல்லை.

பெட்டியில் அந்தப் பழைய வகை ஃபில்டர்கள் இன்னும் மிச்சம் இருந்தன, தூக்கிப் போட்டுவிடலாமா என்று கேட்டார். அதே பட்டியல் எண்ணை எடுத்துக்கொள்ளும் இன்னொரு வண்டியும் அவரிடம் இருக்கிறது. அதில் ஃபில்டர் இன்ஜினுக்கு அடியில், வாய் மேலே பார்த்தபடி நிமிர்ந்து நிற்கிறது. மடல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் டப்பாவிலிருக்கும் எண்ணெய் எங்கேயும் வடியாது. காகிதமும் பசையும் நன்றாக இருப்பதை ஏற்கெனவே அறுத்தே பார்த்துவிட்டோம், பைபாஸ் வால்வும் அந்த வண்டியில் இன்ஜினுக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு மாட்டிக்கொள்ளச் சொன்னேன்.